பதினொரு வெள்ளையும் ஓர் ஆரஞ்சும்

அந்த கோல் விழுந்தபோது நாங்கள் எல்லாரும் குதித்தோம்.

கிளேபாங் சாலையோரத் திடல். சுற்றிலும் புதுத் தகர வேலி. மழை என்று சொல்ல முடியாத ஒரு மழை; தரையில் விழாமல் காற்றிலேயே நின்றுகொண்டிருந்த ஈரம். வேலிக்கு அப்பால் கடல் தெரியவில்லை, அதன் மூச்சு மட்டும் கேட்டது. சாயங்கால வெளிச்சம் தண்ணீர் விட்ட பால் மாதிரி எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது.

அந்த மங்கலுக்குள் ஒரு வெள்ளைச் சட்டை இடப்பக்கமாக நழுவி வந்தது. ஓர் ஆரஞ்சுச் சட்டை அதன் காலடியில் சறுக்கி விழுந்தது. வெள்ளை தாண்டிப் போனது. பந்து வலைக்குள் போய், ஈரத்தில் கனத்து, மெதுவாகக் கீழே இறங்கியது.

எங்கள் காஜா பெராங் வட்டாரம் முழுவதும் எழுந்து நின்று கத்தியது. சைக்கிள் கடை மணியம் மாமா தொப்பியை மேலே எறிந்தார். பக்கத்து வீட்டு பீபீக் என் தோளைப் பிடித்து உலுக்கினார். என் கால்கள் தரையில் இருந்தனவா என்பதே சந்தேகம்.

பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினோம். கத்தல் ஒரேயடியாக அடங்கவில்லை. ஒரு தெருவின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போவது போல அடங்கியது. ஏனென்றால் அன்று வெள்ளை உடுத்தி வந்தவர்கள் மூவாரிலிருந்து வந்த எதிரணி. ஆரஞ்சுதான் நாங்கள்.

புல்லில் உட்கார்ந்தபடி எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்த அந்த ஆரஞ்சுச் சட்டை, என் அண்ணன் தியாகு.

இதை இப்படியே விட்டால் எங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைப்பீர்கள். ஆகவே துணி துவைப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். போன வாரம் இந்தத் தொடரில் பள்ளிக்கூட பஸ்ஸைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் தோழி ஒருத்தி, "இருபத்து மூணு வயசுல நினைவுக் குறிப்பு எழுதிட்டா, கெழவியானப்பறம் என்னடி எழுதுவே?" என்று கேட்டாள். அப்போது மறந்து போயிருக்கும், அதனால்தான் அவசரப்படுகிறேன் என்றேன். துணி துவைப்பதில் எனக்கு மறக்கக்கூடாத விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

கொடியில் உலர்ந்த குழு

மெர்டேக்காவுக்கு, அதாவது நாடு விடுதலை பெறுவதற்கு, முந்தைய அந்த வருடங்களில் எங்கள் முல்லை கால்பந்துக் குழுவுக்குச் சொந்தமாகத் திடல் கிடையாது. கட்டடம் கிடையாது. பந்துகூட பாதி நேரம் இரவல். இருந்ததெல்லாம் ஒரே துணியில் ஒரே தையல்காரர் தைத்த பதினொரு வெள்ளைச் சட்டைகள்.

ஆட்டம் முடிந்ததும் அவை பதினொரு வீடுகளுக்குப் போய்விடும். ஒரு வீட்டுக்கு ஒன்று. பெரும்பாலும் ஆட்டக்காரனின் சொந்த வீடு. தனிக்கட்டையாக அறை எடுத்துத் தங்கியிருந்தவனின் சட்டையை அக்கம்பக்கத்தில் யாராவது ஏற்றுக்கொள்வார்கள். ஏற்றுக்கொண்டால் அது அந்த வீட்டுச் சட்டை. வேறு யாரும் தொட முடியாது. மணியம் மாமா வீட்டு அத்தை பிரசவத்துக்குப் போனபோதுகூட, சட்டையைத் துவைக்க முன்வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், "வேணாம், நான் வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாராம்.

இதனால் என்ன ஆயிற்று என்றால், ஒரே துணியில் பிறந்த பதினொன்றும் ஒரு வருடத்துக்குள் பதினொரு வெள்ளையாகிவிட்டன.

எங்கள் வீட்டுச் சட்டைக்கு அம்மா நீலம் ஒரு சிட்டிகை கூடவே போடுவார். கஞ்சியும் கெட்டி. அது நிலவில் நிற்கும் சுண்ணாம்புச் சுவர் மாதிரி விறைப்பாக, லேசாகக் குளிர்ந்த வெள்ளை. மணியம் மாமா வீட்டு அத்தை கல்லில் அடித்து அடித்து, அவர்கள் சட்டை வெங்காயச் சருகு போல உள்ளே இருப்பவனைக் காட்டும். கடைசி வீட்டுக் கிணற்றில் இரும்புத் தண்ணீர். அவர்களுடையது தேத்தண்ணியில் நனைத்த ரொட்டி நிறம். மழைக் காலத்தில் அடுப்படியில் காயப்போடுகிற ஒரு வீடு உண்டு. அந்தச் சட்டை அருகில் ஓடினால் விறகுப்புகை வாசனை வரும் என்று எதிரணிக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள்.

பீபீக் வீட்டுச் சட்டைதான் அழகு. பீபீக் என்றால் மலாயில் அத்தை மாதிரி; அவர் தலைமுறைகளாக இங்கேயே வாழும் செட்டி குடும்பத்துக்காரர். சாமியெல்லாம் நம் சாமி. பேச்சு மட்டும் மலாய். நடுவே நாலைந்து தமிழ்ச் சொற்கள், சோற்றில் கிராம்பு தட்டுப்படுவது போலத் தட்டுப்படும். அம்மா வேலிக்கு இந்தப் பக்கம் தமிழில் பேச, அவர் அந்தப் பக்கம் மலாயில் பதில் சொல்ல, காலை முழுவதும் ஓடும். ஒரு தடவைகூட ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியாமல் போனதில்லை. பண்டிகைச் சோற்றுக்கு நிறம் ஏற்றுகிற சங்குப்பூவையே அவர் கடைசி அலசலிலும் போடுவார். வலது ஓரம் ஆடும் அவர் மகன் ராஜு ஓடும்போது, விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் வானத்தில் இருக்குமே ஒரு நிறம், அது ஓடும்.

சட்டைகளில் எண் கிடையாது. எங்களுக்கு எண் வேண்டியிருக்கவில்லை. வெளியூர்க்காரர்களுக்குப் பதினொரு வெள்ளை. எங்களுக்குப் பதினொரு ஆள். திடலின் அந்தக் கோடியில், வெயில் சாய்ந்த பிறகும், யாரிடம் பந்து என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவோம். அண்ணனும் சொல்வான்: "தலையைத் தூக்கிப் பாக்கவே வேணாம்டீ. கண்ணு ஓரத்துல நெறம் தெரியும். அடிச்சா அவன்கிட்டப் போயிடும்."

அம்மா ஒரு நாளும் ஆட்டம் பார்க்க வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை சட்டையை வாளியில் போடுமுன் விரித்துப் பார்ப்பார். இடது தோளில் பச்சைக் கறை. முழங்கையில் மண். "நேத்து ரொம்ப விழுந்திருக்கான்" என்பார். காலருக்குக் கீழே நக அளவு கிழிசல். "எவனோ புடிச்சு இழுத்திருக்கான், அப்பவும் விடலே இவன்." நான் தொண்டை வறளச் சொன்ன ஆட்டத்தை விட அம்மா வாளியில் பார்த்த ஆட்டம் சரியாக இருந்ததுண்டு.

பேர் மட்டும் போதும்

சோடா கம்பெனி பெரியசாமி முதலாளியை நான் கெட்டவர் என்று எழுதினால் இந்த அத்தியாயம் சுலபமாக முடிந்துவிடும். அவர் கெட்டவர் இல்லை. சிரித்த முகம். கிளேபாங் சாலையில் மூன்று மீன் மார்க் சோடா. அந்த வருடம் புதிதாக ஆரஞ்சுப் பானம் ஒன்று இறக்கியிருந்தார். குடித்தால் மறுநாள் காலை வரை நாக்கு ஆரஞ்சாக இருக்கும். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு இருந்தது.

அவரோடு எங்கள் குழுவின் கூட்டம் ஜாலான் துக்காங் எமாஸ் என்ற தெருவில், ஒரு கடையின் மாடியில் நடந்தது. லீக் விதிகள் ஆங்கிலத்தில் இருந்ததால், வாசித்துச் சொல்ல என்னை அழைத்திருந்தார்கள். குழுவின் செயலாளர் மணியம் மாமா. நான் வாசித்தேன்: வேலி போட்ட திடல் இல்லாத குழு இனி லீக்கில் ஆட முடியாது. எங்கள் காஜா பெராங் திடலுக்கு வேலி என்றால் ஆடுகள் மட்டும்தான்.

"எல்லாம் நான் பாத்துக்கறேன்," என்றார் முதலாளி. "தெடல், வேலி, பந்து, பூட்ஸு. ஆடற பசங்களுக்கு என் கம்பெனில வேலை. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. பேரு."

"முல்லைங்கற பேருக்கு என்னா மொதலாளி கொறச்சல்?" என்றார் மணியம் மாமா.

"கொறச்சல் ஒண்ணும் இல்ல. முல்லையக் குடிக்க முடியாதுல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். மணியம் மாமாவும் சிரித்துவிட்டு, "சரி, ஆரஞ்சு விக்கற வரைக்கும் குழு இருக்கும். விக்கலேன்னா?" என்று கேட்டார்.

"ஏன் விக்காது?"

"மழக்காலத்துல யாரு மொதலாளி ஜில்லுனு குடிக்கறா?"

"மழயா, வெயிலா, பாத்துக்கிட்டு யாவாரம் பண்ண முடியுமா மணியம். லாபம் வந்தாத்தானே நானும் பந்துக்குக் காத்து அடிக்க முடியும்."

அப்போது அண்ணன் எழுந்தான். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாததால் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"மணியண்ணே, கோச்சுக்காதீங்க. நீங்க காலைல கடையத் தொறக்கறீங்க. நான் காலைல ஆத்து ஓரம் போயி நிக்கறேன். படகு வந்தா வேல. வரலேன்னா நிக்கறதுதான் வேல. இவரு லாரி ஓட்டச் சொல்லித் தரேங்கறாரு."

"அதுக்காகக் குழுவக் குடுத்துடறதா?"

"அதுக்காகத்தான்," என்றான் அண்ணன்.

அந்த நேரம் கோயில் மணி அடித்தது. அடங்குவதற்குள் அதே தெருவின் பள்ளிவாசலிலிருந்து பாங்கு எழுந்தது. அந்தத் தெருவில் எந்தச் சண்டையும் அந்த நேரத்தில் தானாக நின்றுவிடும். ஜன்னல் வழியாக வந்த சாம்பிராணிப் புகையை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சத்தம் ஓய்ந்ததும், வேண்டும் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். முதலில் உயர்ந்தது அண்ணன் கை. கடைசிவரை உயராதது மணியம் மாமாவுடையது.

திரும்பி நடக்கும்போது அவர் என்னிடம் சொன்னார்: "ஊரே நாட்டை வாங்கப் போவுது. நாம குழுவ வித்துட்டு வரோம்."

டயரும் காற்றும்

அதற்குப் பிறகு சைக்கிள் கடையில் வேறு பேச்சே இல்லை. நான் பள்ளி விட்டு வரும்போது, என் சைக்கிளில் காற்று நிரம்பியிருந்தாலும் நிரம்பவில்லை என்று சொல்லி அங்கே நிற்பேன். மணியம் மாமாவுக்குத் தெரியும். பம்பை என் பக்கம் நகர்த்திவிட்டு, கடையில் உட்கார்ந்திருப்பவர்களோடு பேச்சைத் தொடர்வார்.

"லாபம் வந்தா அவரு குழு. நட்டம் வந்தா நம்ம குழு. பாத்துக்கிட்டே இரு."

"மூவார்ல எவனாச்சும் நல்ல வெல கேட்டா மூட்ட கட்டி வித்துடுவாரு லா."

"ஆளையுமா?"

"ஆளு, பந்து, பேரு. ஒரே மூட்ட."

"வித்தா உன்னச் சும்மா குடுப்பாரு. வாங்கறவன் பாவம்ல."

எனக்கு எதையாவது சொல்லியே ஆக வேண்டும். அந்த வயதில் எனக்குத் தெரிந்தது எதுவும் என் வாயில் நிற்காது. பள்ளி நூலகத்தில் ஆங்கிலப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தைக் கடைசி வரி வரை படிப்பவள் நான். "இங்கிலாந்துல எல்லாக் குழுவுக்கும் மொதலாளிங்க உண்டு மாமா," என்றேன்.

மணியம் மாமா டயரைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கேட்டார்: "அந்த மொதலாளி ஆட்டம் பாக்க வருவானா, ஆளு எண்ண வருவானா?"

பத்திரிகையில் அது போடவில்லை. இன்றும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

காலியான கொடி

ஆரஞ்சுச் சட்டைகள் வந்தன. நெஞ்சில் நீலத்தில் மூன்று மீன்கள். முல்லை என்ற பெயர் முதலில் சின்ன எழுத்தானது, பிறகு காணாமல் போனது.

சட்டைகள் வீட்டுக்கு வரக்கூடாது என்பது ஏற்பாடு. ஆட்டம் முடிந்ததும் கோணிக்குள் போய்விடும். சோடா லாரி அதை டோபியிடம் கொண்டு போகும். "கம்பெனி நெறம். பதினொண்ணும் ஒண்ணு மாதிரி இருக்கணும்" என்று முதலாளி சொன்னாராம். நியாயம்தான். புட்டிகளும் அப்படித்தானே இருக்கின்றன.

பழைய வெள்ளைகளை யாரும் கேட்கவில்லை. அவை பெட்டிகளில் மடிந்து கிடந்தன. எங்கள் வரிசையில் ஞாயிற்றுக்கிழமைக் கொடிகளில் திடீரென்று நிறைய வானம் தெரிந்தது.

ஒரு ஞாயிறு காலை அம்மா பழக்கத்தில் வாளியில் நீலத்தைக் கரைத்துவிட்டார். கரைத்த பிறகு, போட ஒன்றுமில்லாமல், தண்ணீரைப் பார்த்தபடி குந்தியிருந்தார். அந்த நீலத்தில் பப்பாளி இலைகளின் நிழல் ஆடியது. கடைசியில் அப்பாவின் கைக்குட்டையை எடுத்து நனைத்தார். அப்பா அந்த வாரம் நகராண்மை அலுவலகத்துக்கு வானத்து நிறத்தில் ஒரு கைக்குட்டை கொண்டுபோனார்.

அண்ணனுக்கு லாரி கிடைத்தது. அதையும் சொல்ல வேண்டும். முதலில் உதவியாளாக, பிறகு ஓட்டுநராக. அவன் தெருமுனையில் திரும்பும்போது நூறு புட்டிகள் ஒன்றோடொன்று கிசுகிசுக்கும். அந்தச் சத்தத்துக்கு அம்மாவின் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன். காலையில் ஆற்றோரம் போய் நிற்பதற்காக அவன் எழுந்து போகும் சத்தம் எங்கள் வீட்டிலிருந்து போய்விட்டது. அது போனது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது வரவுக்காகக் காத்திருந்த வீடுகளுக்குத்தான் தெரியும்.

கண் பழகிய இடம்

இப்போது அந்த ஈரச் சாயங்காலத்துக்குத் திரும்பலாம்.

ஆட்டம் தொடங்கியதுமே பீபீக் என் காதருகே குனிந்து, "யாங் மானா அனாக் கித்தா?" என்று கேட்டார். எது நம் பிள்ளை என்று. நான் கை நீட்டினேன், மடக்கினேன். பதினொரு ஆரஞ்சு. ராஜு எங்கே, தியாகு எங்கே. அவர்கள் எப்படி ஓடுவார்கள் என்பதை நாங்கள் கற்றுக்கொண்டதே இல்லை. நிறத்தைத்தான் கற்றிருந்தோம். அவர்களுக்கும் அதே கதி. அண்ணன் தலையைத் தூக்கித் தேடி அடிப்பதற்குள் பந்து பறிபோனது.

கண் களைத்தால் அது பழகிய இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். மங்கல் ஏற ஏற, எங்கள் எல்லார் கண்ணும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே, வெள்ளையில் போய் உட்கார்ந்துவிட்டது. அந்த வெள்ளை ஓடியபோது நெஞ்சு அதன் கூடவே ஓடியது. அது விழுந்தவனைத் தாண்டியபோது நாங்களும் தாண்டினோம்.

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து எங்களிடம் வந்தார். சிரிப்பு இல்லாத முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

"என் வேலிக்குள்ள வந்து ஒக்காந்துக்கிட்டு, என் குழு தோக்கறதுக்குக் கூத்தா?"

"இல்ல மொதலாளி," என்றார் மணியம் மாமா. அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது. "கண்ணு பழகிப் போச்சு. வெள்ளையப் பாத்ததும் நம்மளுதுன்னு..."

"கலரு தெரியாதா உங்களுக்கு? பேசி வெச்சுக்கிட்டு வந்திருக்கீங்க."

அவர் நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு தெருவே தன் பிள்ளைகளை அடையாளம் தெரியாமல் எதிரிக்குக் கை தட்டியது என்றால் யார்தான் நம்புவார்கள்?

வழியிலேதானே

விளக்கேற்றும் நேரத்துக்கு அண்ணன் வந்தான். சாப்பிட உட்கார்ந்தான், சோற்றைத் தொடவில்லை.

"நீயும் கத்தினியா கமலா?"

"கத்தினேன்."

"எதுக்கு?"

"நீதான் கோல் போட்டேன்னு நெனச்சேன்."

"பின்னால நின்னு பேக் ஆடறவன் எங்கடீ கோல் போடறது," என்றான். அவனுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் பாதியிலேயே வேறு எதுவோ ஆகிவிட்டது. "கீழ கெடந்தேன். நம்ம சனங்க கத்தற சத்தம் கேக்குது. எனக்கு அந்தச் சத்தம் நல்லாத் தெரியும். எனக்குன்னு கேட்ட சத்தம். ஒரு நிமிசம், நான் என்னமோ நல்லது பண்ணிட்டேன்னு நெனச்சேன்."

குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அம்மா கேட்டார்: "சட்ட எங்கய்யா?"

"லாரில. கோணில. நாளைக்கு டோபிக்குப் போவுது."

"யாரு எடுத்துக்கிட்டுப் போறா?"

"நாந்தான்."

அம்மா சோற்றுத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார். "நம்ம வீடு வழியிலதானே இருக்கு."

"தெரிஞ்சா லாரி போயிடும்மா."

"நான் ஒண்ணும் சொல்லலே. வழியிலதானேன்னுதான் கேட்டேன்."

மறுநாள் காலை லாரி தெருமுனையில் திரும்பி எங்கள் வேலியோரம் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. புட்டிகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அண்ணன் இரண்டு கைகளையும் ஸ்டியரிங் சக்கரத்தில் வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பள்ளி உடுப்பில் வாசலில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமையானாலும் புது தேசிய கீதம் பழக அன்று பள்ளிக்குச் சீக்கிரம் போக வேண்டியிருந்தது, போகவில்லை.

பிறகு அவன் என்ஜினை நிறுத்தினான்.

புட்டிகள் ஒவ்வொன்றாக அடங்கின. கடைசிப் புட்டியும் அடங்கிய பிறகு அந்தத் தெருவில் அப்படி ஓர் அமைதி. அவன் கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் பீபீக் வீட்டுக்குப் போனான். அப்புறம் மணியம் மாமா வீடு. கடைசி வீடு வரைக்கும். ஒவ்வொரு வாசலிலும் ஒரு கை நீண்டு ஓர் ஆரஞ்சை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. எங்கள் வீட்டுக்கு வரும்போது கோணியில் ஒன்றுதான் மிச்சம். அம்மா அதை விரித்தார். இடது தோளில் பச்சைக் கறை. அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அவ்வளவுதான். வாளியில் நீலம் ஏற்கெனவே கரைந்திருந்தது.

டோபியிடம் அண்ணன் விஷயத்தைச் சொன்னபோது அவர், "பாரம் கொறஞ்சா எனக்குக் கசக்குதா?" என்றாராம்.

அந்த வாரம் யாரும் வாசல் கொடியில் துணி போடவில்லை. எல்லாம் பின்கட்டில், வாழை மறைவில், அடுப்படியில். அவை எப்படி மாறின என்று எங்கள் வீட்டுச் சட்டையைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்பீர்கள். மணியம் மாமா சொன்னதுதான் பின்னால் நடந்தது. மழைக் காலத்தில் ஆரஞ்சு விற்கவில்லை. முதலாளி குழுவை வேறொருவருக்குக் கைமாற்றினார். அந்த வேறொருவருக்கும் அலுத்துவிட்டது. தகர வேலி இன்று குருபோங் பக்கம் யாருடைய கோழிக்கூண்டுக்கோ கூரையாக இருக்கிறது. அண்ணன் சொன்னதும் நடந்தது. கம்பெனி லாரி போனாலும் கற்ற தொழில் போகவில்லை. இப்போது அவன் பஸ் ஓட்டுகிறான். இரண்டு பேரும் சரி என்பதால் இன்றுவரை இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. முல்லை மறுபடி வெள்ளைக்குத் திரும்பி, பழைய திடலில் ஆடுகளோடு ஆடுகிறது. லீக்கில் இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அடுத்த சனிக்கிழமையை.

எது நம் பிள்ளை

அன்று அம்மா ஆட்டம் பார்க்க வந்தார். வாழ்நாளில் முதல் தடவை. நல்ல சேலை கட்டிக்கொண்டார். பீபீக் மலாய் உடுப்பான கெபாயாவில் வந்தார். அத்தை வந்தார், கடைசி வீட்டு அம்மாள் வந்தார். பதினொரு வீட்டுப் பெண்களும் வேலியோரம் ஒரு வரிசையாக நின்றார்கள். யாராவது கண்டுபிடித்துவிட்டால் முதலில் போவது தியாகுவின் லாரி என்பது எல்லாருக்கும் தெரியும்.

முதலாளி அவர்களுக்கு நேர் முன்னால் நாற்காலி போட்டு, வெளியூர் வியாபாரி ஒருவரோடு உட்கார்ந்திருந்தார். கடலின் மேல் மேகம் கிடந்தது. ஆட்டக்காரர்கள் வந்தார்கள். ஆரஞ்சு. எனக்கு எல்லாமே ஒரே ஆரஞ்சாகத்தான் தெரிந்தது. இவ்வளவும் செய்து ஒன்றும் நடக்கவில்லையா.

அப்போது மேகத்துக்கு அடியிலிருந்து வெயில் நழுவி, புல்லை ஒட்டினாற்போல, திடலுக்குள் வந்தது.

முதலில் ராஜு தெரிந்தான். சங்குப்பூ ஊறிய ஆரஞ்சு, மாம்பழத்தோலில் அடிபட்ட இடம் போல லேசாக ஊதா கலந்து. அப்புறம் அத்தை அடித்து வெளுத்தது, பழுத்த பப்பாளியின் உள்பக்கம். இரும்புக் கிணற்று ஆரஞ்சு செங்கல்லாகிவிட்டிருந்தது. அடுப்படியில் காய்ந்தது மங்கிய குங்குமப்பூ. ஒவ்வொன்றாக, விடியலில் மரங்கள் தனித்தனியாகப் பிரிவது போல, பதினொரு பேரும் பிரிந்து நின்றார்கள். எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் போல இருந்தது.

முதலாளி எங்கள் பக்கம் பாதி திரும்பினார்.

அவர் வியாபாரியின் தொடையைத் தட்டினார். "பாத்தீங்களா? பதினொண்ணும் ஒண்ணு போல. எங்க நின்னு பாத்தாலும் நம்ம ஆரஞ்சு. இதான் கம்பெனி."

வியாபாரி தலையாட்டினார். அவருக்கும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

அவர்கள் முதுகுக்குப் பின்னால் பதினொரு பெண்கள் பதினொரு திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பந்து இடப்பக்கம் வந்தது. அண்ணன் தலையைத் தூக்காமலே அதை ஓரத்துக்கு அடித்தான். அங்கே ராஜு இருந்தான். அடித்த வேகத்தில் எதிரணி ஆள் ஒருவன் மேலே மோத, அண்ணன் விழுந்தான். அதே இடம். அதே புல். யாரும் கத்தவில்லை. அந்த அமைதியில் கடல் கேட்டது.

அவன் உட்கார்ந்து, மெல்ல எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அம்மாவுக்கு ஆட்டம் தெரியாது. எந்தப் பக்கம் நம் கோல் என்பதுகூடத் தெரியாது. "அந்தா இருக்கான்," என்றார், யாரிடமும் இல்லாமல். "விழுந்தும் கசங்கலே பாரு."

பிறகு கூட்டத்தில் நிற்கிறோம் என்பதை மறந்து, கொடியிலிருந்து காய்ந்த துணியை எடுப்பதற்கு உயர்த்துவாரே, அப்படி இரண்டு கைகளையும் உயர்த்தினார். திடலுக்கு நடுவிலிருந்து அண்ணன் ஒரு கையை உயர்த்தினான்.